விரிப்புக்குக் கீழே ஒரு மலை

ஏற்காட்டில் சமதளம் என்பது கிடைப்பதல்ல, வெட்டி எடுப்பது. ஏரியை ஒட்டிய சிறு பரப்பை விட்டுவிட்டால், சேர்வராயன் மலையின் எந்த வீட்டுக் கொல்லையிலும் நாலு எட்டு வைப்பதற்குள் நிலம் ஏறத் தொடங்கும் அல்லது இறங்கத் தொடங்கும். கொல்லை முடிகிற இடத்தில் காபிச் செடிகள். அவற்றுக்கு நிழலாகச் சில்வர் ஓக். அந்த மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் மாலையானால் இளைஞர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுகிற ‘டர்ஃப்’ மீதான ஆசை இப்போது மலைவீடுகளுக்கும் ஏறி வந்திருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஓடியாட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் கேட்கிறார்கள். வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துவோரும் கேட்கிறார்கள்.

ஆசையில் குற்றமில்லை. ஆனால் விற்க வருபவர் பேசுவதெல்லாம் விரிப்பைப் பற்றியே இருக்கும்: இழையின் உயரம், பச்சையின் சாயல், சதுர அடி விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று. வீட்டு ஆடுகளத்துக்கான விரிப்பின் தடிமன் பெரும்பாலும் 5 செ.மீ.கூட இருக்காது. மலையில் ஓர் ஆடுகளம் நிற்குமா சரியுமா என்பதை அதற்குக் கீழே உள்ள இரண்டு மீட்டர் மண்ணும் கல்லும் நீரும் முடிவு செய்கின்றன. இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

அளவொன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 200 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 5 சென்ட். பேடல் ஆடுகளத்தின் அளவு இதுவேதான். பிள்ளைகளின் கால்பந்துக்கும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டுக்கும் போதும்.

செயற்கைப் புல் பிறந்ததே புல் கிடைக்காத இடங்களுக்காக. அமெரிக்காவில் கான்கிரீட்டுக்கு நடுவே வளரும் நகரத்துப் பிள்ளைகளுக்கு மென்மையான விளையாட்டுத் தரை வேண்டும் என்று ஃபோர்டு அறக்கட்டளை ஊக்கம் தர, மான்சான்டோ நிறுவனம் நைலான் இழையில் ஒரு விரிப்பை உருவாக்கியது. 1964இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மோசஸ் பிரவுன் பள்ளியில் அதை விரித்தார்கள். அடுத்த ஆண்டு ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் அரங்கம் திறந்தது. கூரையின் ஒளிபுகும் பலகைகள் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசவைத்தன. பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். கூச்சம் போனது, வெளிச்சம் குறைந்து உள்ளேயிருந்த புல்லும் செத்தது. 1966இல் மான்சான்டோவின் விரிப்பு அங்கே போனது. ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

நமக்கு அந்தப் பெயர் ஒரு தோல்வியோடு அறிமுகமானது. 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பை ஹாக்கியை வென்ற இந்தியா, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஆடி ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1928 முதல் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஏதாவதொரு பதக்கத்தோடு திரும்பிய அணி அது. 1980இல் மாஸ்கோவில், தமிழகத்தின் வி. பாஸ்கரன் தலைமையில், தங்கம் மீண்டது. சென்னை எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் செயற்கைத் தரை வந்து, 1996இல் சாம்பியன்ஸ் டிராபியும் 2007இல் ஆசியக் கோப்பையும் 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியும் அங்கே நடந்தன. எழும்பூரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே நிலம் சமவெளி, அடியில் பொறியாளர்கள் கணக்கிட்டு அமைத்த வடிகால், பராமரிக்க ஆட்கள். மலைவீட்டுக் கொல்லையில் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

பாறை, செம்மண், மழை

சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கடினப் பாறையால் ஆனது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். பல இலட்சம் ஆண்டுகளாகப் பெய்த மழை இந்தப் பாறையிலிருந்து சிலிக்காவையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் மேலே தங்கின. இரும்பால் மண் சிவந்தது. அலுமினியம் திரண்ட இடங்கள் பாக்சைட் ஆயின. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் பாக்சைட் வெட்டிக்கொண்டு போனார்கள். அதாவது, மழை பாறையையே கரைத்து வேறொன்றாக்கிய மலை இது.

இந்தச் சிதைவு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்துக்கு நடப்பதில்லை. பாறையின் விரிசல் வழியாக நீர் இறங்கிய இடத்தில் மண் ஆழமாக இருக்கும். விரிசல் இல்லாத இடத்தில் உருண்டைப் பாறை அப்படியே நிற்கும். கொல்லையின் ஒரு மூலையில் கடப்பாறை கல்லில் மோதும். பத்தடி தள்ளிக் குத்தினால் கைப்பிடி வரை இறங்கும். ஆடுகளத்தின் ஒரு பகுதி பாறையிலும் மறுபகுதி மண்ணிலும் அமர்ந்தால், மண்ணில் இருக்கும் பகுதி மட்டும் காலப்போக்கில் அமுங்கும். எனவே முதல் செலவு விரிப்புக்கு அல்ல. நான்கு மூலையிலும் நடுவிலும் குழி தோண்டிப் பார்ப்பதற்குத்தான்.

அடுத்தது வெட்டுதல். 10 மீட்டர் அகலத்துக்கு 2 மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டில் இது மிதமான சரிவுதான். சமன்படுத்த, மேல்பாதியில் ஒரு மீட்டர் ஆழம் வரை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டுவார்கள். 50 கன மீட்டர் மண் இடம் மாறும். ஒப்பந்தக்காரர் கணக்கில் சுமார் 18 யூனிட். மேல்பாதி மலையின் சொந்த மண், நெடுங்காலம் தன் எடையிலேயே இறுகியது. கீழ்ப்பாதி நேற்றுக் கொட்டியது. ஜேசிபியை அதன்மேல் நாலு முறை ஓட்டிவிட்டு ‘இறுகிவிட்டது’ என்று சொல்வது நம் ஊர்களில் வழக்கம். அது இறுகியிருக்காது.

மண்ணை இறுக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் அதை வெளியிட்டார். மண் மிகவும் காய்ந்திருந்தால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து அமராமல் முரண்டும். மிகவும் ஈரமாக இருந்தால் இடுக்குகளில் நிற்கும் நீரே துகள்களை நெருங்க விடாது. இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு மண்ணுக்கும், மிக நன்றாக இறுகும் ஈரப்பதம் ஒன்று இருக்கிறது. அந்த ஈரத்தில், 15 செ.மீ. கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் ரோலர் ஓட்ட வேண்டும். ஒரு மீட்டர் நிரப்ப ஆறேழு அடுக்குகள் ஆகும். ஒரே நாளில் முடித்துக் கொடுப்பதாகச் சொல்பவரிடம் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

நிரப்பிய மண் கீழே சரியாமலிருக்கத் தாங்குசுவர் வேண்டும். இங்கே பெரும்பாலும் கருங்கல் கட்டுதான். சுவரை விழுத்தாட்டுவது பெரும்பாலும் மண்ணல்ல, மண்ணுக்குள் தேங்கும் நீர். ஒரு மீட்டர் உயரச் சுவரின் அடிப்பகுதியில், நன்றாக வடிந்த மண் சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ எடைக்கு ஈடான விசையோடு பக்கவாட்டில் தள்ளும். அதே மண்ணில் நீர் நிறைந்து நின்றால் 1,200 கிலோவைத் தாண்டிவிடும். மண் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் உராய்வையும் நீரழுத்தம் குறைத்துவிடும். சுவர் அப்படியே இருக்க, அதன்மேல் விழும் பாரம் இரண்டு மடங்காகிறது. அதனால்தான் சுவரின் பின்புறம் ஜல்லி நிரப்பி, சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் விட வேண்டும் என்று கொத்தனார்கள் சொல்கிறார்கள். அழகு கெடுகிறது என்று அந்தத் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைப்பது சுவரைத் தள்ளிவிடுவதற்குச் சமம்.

10,000 லிட்டரும் கீழ் வீடும்

ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மி.மீ. மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவங்களும் தருகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். நம் 200 சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டினால் 10,000 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி. ஆண்டு முழுவதற்கும் 3 இலட்சம் லிட்டர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் வந்தபோது, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. அந்த நாட்களில் சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படியொரு நாளில் நம் ஆடுகளத்தில் மட்டும் 40,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும்.

முன்பு அந்த நீர் என்ன செய்துகொண்டிருந்தது? காபி இலையில் விழுந்து, சருகில் சொட்டி, வேர்த்துளை வழியே மெல்ல உள்ளே போனது. போனது போக மிஞ்சியது பல சிறு வழிகளில் பிரிந்து வழிந்தது. ஆடுகளம் அதையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் வெளியே விடும். விடுகிற இடத்துக்குக் கீழே வேறொருவரின் வீடு இருக்கும். சமவெளியில் நம் வீட்டு நீர் தெருவுக்குப் போகும். மலையில் அது அடுத்தவர் கூரைக்கோ சுவருக்கோ போகும். அந்த நீருக்கான பொறுப்பு சட்டம் வந்து சொல்வதற்கு முன்பே நமக்கு இருக்கிறது.

செயற்கைப் புல் விற்பவர்கள் விரிப்பின் அடியில் உள்ள துளைகளைக் காட்டி, ‘நீர் தேங்கவே தேங்காது’ என்பார்கள். சமவெளிக்கு அது நல்ல செய்தி. மலையில், நிரப்பிய மண்ணுக்குள் நீரை நேராக இறக்குவதுதான் செய்யக்கூடாத காரியம். வேறு வழி என்ன? ஏற்காட்டுக்கு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாலையின் வாய்க்கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். பள்ளத்தின் பக்கம் அல்ல, மலையை ஒட்டிய உள்பக்கம். ஆடுகளத்துக்கும் அதே முறைதான். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வாட்டத்தை வெட்டிய பக்கமாக, அதாவது மலைப்பக்கமாகக் கொடுக்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 செ.மீ. ஆடுபவரின் காலுக்கு அது தெரியாது, நீருக்குத் தெரியும். அங்கே ஒரு வாய்க்கால், அதிலிருந்து இயற்கையான ஓடைக்கோ தொட்டிக்கோ குழாய். மேலேயிருந்து வழிந்து வரும் நீர் ஆடுகளத்துக்குள் நுழையாமல் தடுக்க, வெட்டிய சரிவின் தலைப்பில் இன்னொரு வாய்க்கால். நிரப்பிய பாதியின்மேல் நீர் புகாத ஓர் அடுக்கு. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இந்த 3 இலட்சம் லிட்டரில் ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்தால் கோடையில் தோட்டத்துக்கு உதவும். உறிஞ்சுகுழியைத் தாங்குசுவருக்கு அருகில் மட்டும் தோண்டக் கூடாது.

இப்படி வாட்டமும் வடிகாலும் அமைத்த தளத்துக்கு மேல்தான் ஜல்லி. 15 செ.மீ. கனத்துக்குப் பரப்ப 30 கன மீட்டர் வேண்டும். பத்து யூனிட்டுக்கு மேல், ஏறத்தாழ 50 டன், அந்த 20 வளைவுகளையும் ஏறி வர வேண்டும். அதன்மேல் கால் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் போட்டு, மட்டப்பலகை வைத்துப் பள்ளம் மேடு பார்த்த பிறகே விரிப்பு. விரிப்பு சுருள்களாக வரும். சுருளும் சுருளும் சேரும் இடத்தில் அடியில் பட்டை வைத்துப் பசையால் ஒட்டுவார்கள். அந்தப் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் வகை. ஆனால் மூடுபனியில் நனைந்த பரப்பில் பூசினால் அதற்குள் கரியமில வாயு குமிழிட்டு, பஞ்சுபோல் உப்பி, பிடிமானம் போய்விடும். ஆகவே ஒட்டும் வேலைக்கு ஜனவரியின் பின்பாதியிலிருந்து ஏப்ரல் வரை, வெயில் ஏறிய பிறகான நேரமே பொருத்தம். ஆடுகளம் முதலில் பிரிவது இந்த இணைப்புகளில்தான். தோட்டங்களில் திரியும் காட்டெருமை ஒன்று இரவில் குறுக்கே நடந்துபோனால் பலவீனமான இணைப்பு தாங்காது.

குளிர்ந்த ஊரில் சுடும் தரை

சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். காற்று ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அதனால் பிளாஸ்டிக் புல் சுடாது என்று நினைப்பது தவறு. நண்பகல் வெயிலில் தரையின் வெப்பத்தைத் தீர்மானிப்பதில் காற்றைவிடச் சூரிய ஒளிக்குப் பங்கு அதிகம்.

உயிருள்ள புல் வெயிலை வாங்கி நீராவியாக வெளியே விடுகிறது. ஒரு நாளில் 4 மி.மீ. அளவு நீரை வெளியேற்றுகிறது என்று வைத்தால், 200 சதுர மீட்டர் புல் 800 லிட்டரை ஆவியாக்குகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் 500 யூனிட் மின்சாரத்துக்கும் அதிகம். பல குடும்பங்கள் இரண்டு மாதத்தில் பயன்படுத்தும் அளவு. பாலித்தீன் இழைக்கு வேர் இல்லை, நீரும் இல்லை. அத்தனை ஆற்றலும் இழையைச் சூடாக்கி, அதன்மேல் ஓடுபவரின் பாதத்துக்கு வருகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் அளந்தபோது, செயற்கைத் தரையின் மேற்பரப்பு அதிகபட்சமாக 93 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நீர் தெளித்ததும் 30 டிகிரிக்கு இறங்கி, 5 நிமிடத்தில் 49 டிகிரிக்கும் 20 நிமிடத்தில் 73 டிகிரிக்கும் ஏறிவிட்டது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் புரோவோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டுக்கு நெருங்கிய உயரத்தில் உள்ளது. ஏற்காட்டின் மேகமும் பனியும் அங்கே இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் மேகமற்ற நண்பகலில் வெறுங்காலோடு குழந்தைகளை இந்தத் தரையில் விடக் கூடாது.

உயரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். பாலித்தீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இந்தக் கதிர் அறுக்கிறது. அதைத் தடுக்க இழைக்குள் நிலைநிறுத்திகள் சேர்ப்பார்கள். அவை தீர்ந்த பிறகு இழை வெளிறி, நொறுங்கி, தூளாக உதிரும். மலிவான விரிப்பில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். விலைச்சீட்டில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், புற ஊதாச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

நிழல் இருந்தால் வேறு தொல்லை. சில்வர் ஓக் ஆண்டு முழுவதும் இலை உதிர்க்கும். பனியில் ஊறிய சருகு இழைகளுக்கு நடுவே மக்கி, துளைகளை அடைத்து, பாசிக்கு உணவாகும். பாசி பிடித்த செயற்கைப் புல், பாசி பிடித்த படிக்கட்டுக்கு இளைத்தது அல்ல. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது சருகை அள்ளி, கெட்டித் துடைப்பத்தால் இழையை எதிர்ப்பக்கமாகச் சீவ வேண்டும். ‘பராமரிப்பே வேண்டாம்’ என்ற விளம்பரம் மூடுபனி இல்லாத ஊருக்கு எழுதப்பட்டது.

கறுப்புத் துகள்

வாடகை டர்ஃப்களில் ஆடியவர்கள் வீட்டுக்கு வந்து காலணியைத் தட்டினால் கறுப்பாகக் கொட்டுமே, அது பழைய டயரை அரைத்த ரப்பர். நீண்ட இழைகள் நிமிர்ந்து நிற்கவும், விழுந்தால் அடி குறையவும் அதைத் தூவுகிறார்கள். நம் அளவுள்ள களத்துக்கே ஒன்றிரண்டு டன் ஆகும். மலையில் இதற்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையாட்டுத் தரைகளிலிருந்து ஆண்டுக்கு 16,000 டன் வரை இத்தகைய துகள் சுற்றுச்சூழலுக்குப் போவதாக அதன் வேதிப்பொருள் முகமை கணக்கிட்டது. 2023 செப்டம்பரில் நுண்பிளாஸ்டிக்குக்கு எதிரான விதி வந்தது. 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே இந்தத் துகளை விற்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் வெளியிட்ட ஆய்வு, துகளில் பல வேதிப்பொருட்கள் இருந்தாலும் ஆடுபவர்களின் உடலுக்குள் போகும் அளவு குறைவாகவே தெரிகிறது என்றது. அது ஆறுதல்தான். ஆனால் என் கவலை ஓடையைப் பற்றியது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் காக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது. வாஷிங்டன் மாநில ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு அதுதான் காரணம் என்று 2020இல் கண்டறிந்தார்கள். எல்லா மீன்களையும் அது ஒரே அளவில் தாக்குவதில்லை. சம் சால்மன் அதைத் தாங்கிக்கொள்கிறது. அதற்காக நம் ஓடைகளில் சோதனை நடத்திப் பார்க்க வேண்டியதில்லை.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் வழியாகக் காவிரிக்குப் போகிறது. சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாக அதே காவிரிக்கு. வாணியாறு தருமபுரிப் பக்கம் இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. கொல்லையில் தூவிய துகள் மழைக்கு மழை வாய்க்காலில் இறங்கும். அது மூன்று ஆற்றுப் படுகைகளின் தலைப்பில் விழுகிறது. கீழேயுள்ள ஊர்கள் அதை வடிகட்டி எடுக்க முடியாது.

நல்ல வேளையாக, வீட்டு ஆடுகளத்துக்கு ரப்பர் தேவையே இல்லை. 15 முதல் 20 மி.மீ. உயரமுள்ள அடர்ந்த இழை, அதற்குள் கழுவிய மணல், அடியில் ஒரு நுரை மெத்தை போதும். மணலும் உருண்டையான சிலிக்கா மணலாக இருக்க வேண்டும். எம்-சாண்டின் கூர்முனைகள் இழையை அறுக்கும். தென்னை நாரும் தக்கையும் கலந்த நிரப்பிகள் வெளிநாட்டில் பயன்படுகின்றன. பொள்ளாச்சிப் பக்கம் நார் மலிவு என்றாலும், ஏற்காட்டின் தொடர் ஈரத்தில் அது விரைவில் மக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கித் தரையின் இழையில் பெரும்பங்கு கரும்பிலிருந்து எடுத்த பாலித்தீன். மூலம் கரும்பானாலும் உதிர்வது பிளாஸ்டிக்தான். எனவே வாய்க்காலின் வாயில் சல்லடையும் படிவுக்குழியும் எந்த விரிப்புக்கும் வேண்டும்.

எட்டுப் பத்து ஆண்டுகளில் விரிப்பு தேய்ந்துவிடும். மணல் ஊறிய அந்தச் சுருள்கள் 4 டன் எடை இருக்கும். மணலும் பாலித்தீனும் பசையும் பிணைந்த அதை மறுசுழற்சி செய்வது கடினம். தோட்டத்து மூலையில் புதைப்பதோ எரிப்பதோ இரண்டுமே குற்றம். கீழே கொண்டுபோகும் செலவை இன்றைய விலையிலேயே சேர்த்துப் பாருங்கள்.

மலை ஏற்கெனவே கொடுத்த சமதளம்

சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அதன்பின் எழுந்த தோட்டங்களில் பழம் உலர்த்தக் களங்கள் அமைத்தார்கள். செங்கல்லோ கான்கிரீட்டோ பாவிய, வாட்டம் சரியாகக் கொடுத்த, வெயில் நன்றாக விழும் சமதளங்கள் அவை. எத்தனையோ மழைக்காலங்களைப் பார்த்து அசையாமல் நின்றவை. பயன்பாடு நின்றுபோன பழைய உலர்களம் உங்கள் நிலத்தில் இருந்தால், செயற்கைப் புல்லுக்கு இந்த மலையில் அதைவிட நல்ல இடம் இல்லை. வெட்ட வேண்டாம், நிரப்ப வேண்டாம், ஜல்லி ஏற்ற வேண்டாம். நுரை மெத்தையும் குறு இழை விரிப்பும் போதும். பாதி அளவுதான் இருக்கிறதென்றால் பாதி அளவிலேயே ஆடலாம். பூப்பந்துக் களத்துக்கு 24 மீட்டர் வேண்டும்; பேட்மின்டனுக்கு 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் போதும்.

களமும் இல்லை, சரிவும் மிதமாக இருக்கிறது, வெயிலும் விழுகிறது என்றால் முதலில் அருகம்புல்லை நினையுங்கள். உலகின் வெப்ப நாடுகளில் விளையாட்டு மைதானங்களுக்கு விதைக்கும் பெர்முடா புல் நம் அருகுதான். மிதித்தாலும் தழைக்கும், மண்ணைப் பிடிக்கும், தரையைக் குளிர வைக்கும். நிழலில்தான் வளராது. செம்மண் தரையும் குறைந்ததல்ல. தமிழ்நாட்டின் வாலிபாலும் கபடியும் அதில்தான் வளர்ந்தன. நூற்றுக்கு இருபதுக்கு மேல் சரிவுள்ள கொல்லையில் எந்த ஆடுகளமும் வேண்டாம் என்பேன். சரிவை வெட்டிச் சமன் செய்யாததால் மிஞ்சும் பணத்தில் பல ஆண்டுகளுக்குச் சேலத்தில் டர்ஃப் வாடகைக்கு எடுக்கலாம்.

ஏற்காடு, மலையிடப் பாதுகாப்புக்கான ‘ஹாகா’ விதிகளுக்கு உட்பட்ட பகுதி. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மண்ணை வெட்டுமுன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதற்கும் முன்னால், ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் காத்திருங்கள். அக்டோபரில் மழை கொட்டும்போது குடையோடு கொல்லையில் நின்று, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கீழ் வீட்டை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். கீழ் வீட்டுக்காரரையும் அழைத்துக் காட்டுங்கள். அவர் சம்மதித்த பிறகு ஜேசிபிக்குச் சொல்லியனுப்புங்கள்.